வாடிவாசல் திறந்தாச்சு!

அவனியாபுரத்தில் நமக்கொரு மாப்பிள்ளை. (சிநேகிதன்தான். மதுரையில் எல்லோருமே மாப்பிள்ளைதானே!) லோன் போட்டு டர்போ கார் வாங்கியவன், அறுபதைத் தாண்ட மாட்டான். போன மாசம் சர்வீஸுக்கு விட்டான். எங்கே என்று கேட்காதீர்கள், வம்பு!

திரும்பி வந்தால் மீட்டரில் 43 கிலோமீட்டர் கூடுதல்.

"டிரையல் சார். பிரேக் பிடிக்குதான்னு பார்த்தோம்..."

"அது பிடிக்க 43 கிலோமீட்டரா ஆச்சு?"

பொங்கலன்று எங்க ஊர் ஜல்லிக்கட்டில் காளைக்குக்கூட டாக்டர் பரிசோதனை, டோக்கன் எல்லாம் உண்டு. இங்கே சாவி போதும்!

நாலாம் நாள் செல்போனில் சலான். ரிங் ரோட்டில் அதிவேகம்! மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவு. 2019 திருத்தப்படி காருக்குக் குறைந்தது 1,000 ரூபாய். ஓட்டினவன் எவனோ, சலான் வருவது ஓனர் பேருக்கு. குறுக்கே ஒரு சைக்கிள்காரர் வந்திருந்தால்? ஆயிரத்தோடு போயிருக்குமா?

நல்லவேளை, அதே சட்டத்தில் 133-வது பிரிவும் இருக்கு. ஓட்டினது யாருன்னு போலீஸ் கேட்டால் ஓனர் சொல்லியாகணும். மாப்பிள்ளை ஜாப் கார்டை நீட்டினான். கார் விட்ட தேதி, மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் இருந்தது.

"நாங்களே கட்டிடறோம் சார்!"

சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்குங்க சாமி. அவிழ்த்து விட்டவன் ஒருத்தன், குத்துப்படறவன் இன்னொருத்தன்னு ஆயிடக் கூடாது!