மூன்று கூற்றில் அடங்காத திருமணம்

நடிகர்கள் ரிச்சர்ட் பர்ட்டனும் எலிசபெத் டெய்லரும் 1964இல் மணந்துகொண்டார்கள். 1974இல் மணவிலக்குப் பெற்றார்கள். மறு ஆண்டே போட்ஸ்வானாவில் மறுபடியும் மணந்து, 1976இல் மறுபடியும் பிரிந்தார்கள். இதைப் படிக்கும் மனிதர் யாரும் குழம்புவதில்லை. இதே செய்தியைக் கணினிக்குச் சொல்லப்போனால், தரவுத் துறையில் ஊறிப்போன ஒரு நம்பிக்கை குறுக்கே வந்து நிற்கிறது.

இணையத்திலுள்ள தரவுகளின் பொருளைக் கணினியும் கையாள வேண்டும் என்ற நோக்கில் எழுந்தது சொற்பொருள் வலை. அதன் அடித்தளமான ஆர்டிஎஃப், 1999இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. எழுவாய், உறவு, செயப்படுபொருள் என மூன்று உறுப்புள்ள கூற்றுகளாகச் செய்திகளை எழுதுவது அதன் முறை. துறையில் இதை டிரிபிள் என்பார்கள். ‘பர்ட்டன் – வாழ்க்கைத்துணை – டெய்லர்’ என்பது ஒரு டிரிபிள்.

முறை நல்ல முறைதான். அதைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைதான் தவறு. எந்த உண்மையையும் இரண்டு பொருள்களாகவும் அவற்றை இணைக்கும் ஒரு கோடாகவும் வரைந்துவிடலாம் என்கிறது அது. கோட்டின் நடுவே அந்த உறவுக்கென்று புதிதாக ஒரு புள்ளியை, அதாவது கணுவை, வைப்பது வேறு வழி இல்லாதபோது போடும் ஒட்டு என்றும் சொல்கிறது. இந்த எண்ணத்தோடு கட்டப்படும் தரவுத்தொகுப்பு பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

பர்ட்டன் தம்பதியின் கதையையே பார்க்கலாம். ஆர்டிஎஃப் தொகுப்பு கணிதத்தில் வரும் கணத்தைப் போன்றது. ஒரே டிரிபிளை இருமுறை எழுதினாலும் அது ஒன்றாகவே கணக்கில் வரும். ஆக, இரண்டு திருமணங்கள் ஒன்றாகிவிட்டன. ஆண்டுகளை எங்கே வைப்பது? பர்ட்டனோடு சேர்த்தால், அவருடைய மற்ற மனைவியரை மணந்த ஆண்டுகளோடு அவை கலந்துபோகும். டிரிபிளோடு சேர்த்தால், தொடக்கம் 1964, 1975 என்றும் முடிவு 1974, 1976 என்றும் நான்கு எண்கள் ஒரே குவியலாகக் கிடக்கும். எந்தத் தொடக்கத்துக்கு எந்த முடிவு என்ற செய்தி அதில் இல்லை. 1975இல் மணந்தவர்கள் 1974இல் பிரிந்தார்கள் என்ற விடையும் அந்தத் தரவின்படி சரியான விடைதான்.

நடிகர்களின் மணவாழ்வில் ஆண்டு மாறினால் பெரிய நட்டமில்லை. மருந்துச்சீட்டில் மாறினால்? ஒரு நோயாளிக்கு அமாக்ஸிசிலின் 500 மி.கி. நாளுக்கு மூன்று வேளை; காய்ச்சல் இருந்தால் மட்டும் பாராசிட்டமால் 650 மி.கி. என்று மருத்துவர் எழுதுகிறார். மருந்துகள் இரண்டையும், அளவுகள் இரண்டையும், வேளைகளையும் தனித்தனி டிரிபிள்களாக நோயாளியோடு கட்டினால், எந்த அளவு எந்த மருந்துக்கு உரியது என்பது அழிந்துவிடுகிறது. அளவை மருந்தோடு கட்டினால், அதே மருந்தை உட்கொள்ளும் குழந்தைக்கும் 500 மி.கி. என்றாகிவிடும். 500 மி.கி. என்பது நோயாளியின் பண்பும் இல்லை, மருந்தின் பண்பும் இல்லை. மருந்துச்சீட்டின் அந்த ஒரு வரிக்கு உரியது அது. அந்த வரிக்குத் தரவில் இடம் வேண்டும். அந்த இடம்தான் கணு.

பல உறுப்புள்ள எந்த உறவையும் இரண்டு உறுப்புள்ள உறவுகளாகப் பிரிக்க முடியும் என்பது கணிதம் ஏற்ற உண்மைதானே என்று இந்த நம்பிக்கைக்காரர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் உறவுக்கென்று ஒரு புதிய பொருளை நடுவே நிறுத்தி, மற்ற உறுப்புகளை அதனோடு இணைப்பதுதான் அப்படிப் பிரிக்கும் வழி. நடுக்கணுவை விலக்குகிறவர்களுக்கு இந்தக் கணிதம் துணைநிற்காது. நடாஷா நோயும் ஆலன் ரெக்டரும் பதிப்பித்து 2006இல் டபிள்யூ3சி வெளியிட்ட குறிப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. ஜான் என்பவர் ஒரு கடையில் ஒரு புத்தகத்தை ஒரு விலைக்குப் பரிசளிக்க வாங்குகிறார். வாங்குபவர், விற்பவர், பொருள், விலை, நோக்கம் ஐந்தும் ‘கொள்முதல்’ என்ற கணுவில் வந்து சேர்கின்றன.

தமிழ் இலக்கணத்துக்கு இந்தப் பார்வை புதிதில்லை. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் ஒரு தொழிலுக்கு எட்டு உறுப்புகளைக் கூறுகிறது: வினை, செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. வினையை இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒரு கோடாகச் சுருக்காமல், பட்டியலின் முதலிலேயே ஓர் உறுப்பாக வைத்திருக்கிறார் தொல்காப்பியர்.

கணுக்கள் பெருகினால் வினவல் கடினமாகும் என்பது அடுத்த வாதம். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற தரவுத்தொகுப்பு இதற்கு நடைமுறையிலேயே பதில் சொல்லிவிட்டது. அங்கே ஒவ்வொரு கூற்றும் ஒரு கணு. ஆண்டு, உடன்பெற்றவர், சான்று எல்லாம் அதன்மேல் அமர்கின்றன. மேரி கியூரி 1903இல் இயற்பியல் நோபலைப் பிறரோடு பகிர்ந்ததும், 1911இல் வேதியியல் நோபலைத் தனியாகப் பெற்றதும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. 1906இல் இறந்த பியர் கியூரிக்கு 1911ஆம் ஆண்டின் பரிசில் பங்கு போய்ச்சேர்வதில்லை. அதோடு, விரைவாகக் கேட்பவர்களுக்காக ‘மேரி – பெற்ற விருது – நோபல்’ போன்ற நேர்க்கோடும் கூடவே வைக்கப்பட்டிருக்கிறது. முழுத் தரவிலிருந்து சுருக்கத்தை எப்போதும் எடுக்கலாம். சுருக்கத்திலிருந்து முழுத் தரவை எடுக்க முடியாது.

ஹார்ட்டிக், தாம்சன் இருவரும் 2014இல் முன்வைத்த ஆர்டிஎஃப்-ஸ்டார் வந்தபிறகு இந்தச் சிக்கலே இல்லை என்ற பேச்சும் கேட்கிறது. ஒரு கூற்றைப் பற்றியே இன்னொரு கூற்று எழுத அது வழி தருகிறது; பயனுள்ள வசதி. ஆனால் ஒரே டிரிபிள் அங்கேயும் ஒன்றுதான். பர்ட்டனின் இரண்டு திருமணங்களைப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் கொடுத்தே ஆகவேண்டும்.

தரவு மாதிரி வரைபவர்கள் முதல் நாளிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த இருவருக்கிடையே இதே உறவு மறுபடி நிகழுமா? இரு முனைகளுக்கும் சேராத தகவல் ஏதும் உண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் உறவுக்குத் தனிக் கணு தேவை. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், தொலைந்த இணைப்பை எந்த நிரலாலும் மீட்க முடியாது; மூல ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பதிந்தாக வேண்டியிருக்கும்.