பெட்டியில் உறங்கும் நாடாக்கள்

கருவி வாங்குவது பெரிதன்று. எதற்காக வாங்குகிறோம் என்று தெளிந்து வாங்குவதே பெரிது. வீட்டு டி.வி.டி. ரெக்கார்டரைப் பற்றி இன்று எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைக்கக்கூடும். "கைபேசியிலேயே படம் பிடிக்கிற காலத்தில் அந்தப் பழைய பெட்டி எதற்கு?" என்பார்கள். கேள்வி நியாயமானதே. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதற்கு அது இனி வேண்டியதில்லை. அதனுள் இருக்கும் அலை வாங்கி பழைய அனலாக் ஒளிபரப்புக்காக அமைந்தது; நம் நாட்டுக் கேபிள் ஒளிபரப்போ 2012 முதல் படிப்படியாக டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. ஆயினும் அப்பெட்டியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள் உண்டு. பழைய வீடியோ டெக்கிலிருந்து படத்தையும் ஒலியையும் உள்ளே வாங்கும் வழி அது. நான் பரிந்து பேசுவது அந்த மூன்று துளைகளுக்காகவே.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் எங்கள் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று ஏலமும் தேயிலையும் விரிந்து கிடக்கின்றன. பிழைப்பைத் தேடி இம்மலை ஏறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே நாங்கள் கேரளத்தவரானோம்.

தோட்டத் தொழிலாளியின் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கும். அவன் சிரித்த முகம் எங்கே இருக்கும்? அவன் தாய் பாடிய தாலாட்டு எங்கே இருக்கும்? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் எடுத்த வீடியோ கேசட்டுகளில்தான் இருக்கும். பணி ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டிய வாழ்க்கை இது. மூட்டை கட்டும்போது பாத்திரம் வண்டியில் ஏறுகிறது. டெக் பழுதான வீட்டில் கேசட்டை யார் தேடுகிறார்கள்?

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வீடியோ நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தத் துகள்களை ஒரு பசை ஒட்டி நிறுத்துகிறது. அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் நாளடைவில் சிதைகிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் எங்கள் மலையில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. நாடா கெட்டது போதாதென்று அதை ஓட்டும் கருவியும் மறைகிறது. உலகில் வி.எச்.எஸ். டெக் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2025 அளவில் பெரும்பாலான நாடுகளில் காந்த நாடாக்களை ஓட்டிப் பார்ப்பதே அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோ 2019-இல் எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

ஆதலால், பழைய ரெக்கார்டர் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குவது தகும் என்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. நம் நாட்டுக் கேசட்டுகள் பால் முறையில் பதிவானவை. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த பெட்டி அம்முறையை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். அது 230 வோல்ட்டைத் தாங்குமா என்றும் கேட்க வேண்டும். கடையிலேயே ஒரு தட்டில் பத்து நிமிடம் பதிந்து, வேறொரு கருவியில் ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

பயன்படுத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். வெள்ளை பூத்த கேசட்டைத் துடைக்காமல் டெக்கில் போட்டால், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் பரவும். சாதாரண டி.வி.டி. தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் கொள்ளும். சிக்கனம் கருதி ஆறு மணி நேரத்தை அதில் திணித்தால் முகங்கள் மங்கிப்போகும். பதிந்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்யாவிட்டால் பிற கருவிகளில் அத்தட்டு ஓடாமல் போகலாம்.

"கம்ப்யூட்டரில் நேரே ஏற்றலாமே?" என்று கேட்பவர் உண்டு. வசதியும் பழக்கமும் உள்ளவர் அவ்வாறே செய்க. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் இரண்டு பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடிய வேலை இது என்பதே ரெக்கார்டரின் சிறப்பு. அதற்காகத் தட்டை அழியாப் பொருள் என்று நம்பிவிடக் கூடாது. ஒருமுறை எழுதும் தட்டில் இருப்பது சாயம். ஒளியிலும் வெப்பத்திலும் அதுவும் மங்கும். தட்டு ஒரு தங்கல் மடமே. அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தல் வேண்டும். பிரதி இரண்டு இடங்களில் இருத்தலும் வேண்டும்.

இரண்டு இடங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்களை இழந்தோம். ஆளையே மீட்க முடியாத மண்ணிலிருந்து ஆல்பத்தையும் கேசட்டையும் யார் மீட்பது? மாண்டவரின் உறவினருக்கு ஒரு முகம், ஒரு குரல் எஞ்சியிருக்க வேண்டுமானால், அதன் பிரதி வேறோர் ஊரில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டு விழாச் செலவில் சிறிது குறைத்து ஒரு ரெக்கார்டரும் ஒரு நல்ல டெக்கும் வாங்குவோம். கோடை விடுமுறையில் மலைநாட்டு மாணவர்கள் நால்வர் லயம் லயமாகச் சென்று, உடையவர் இசைவுடன் கேசட்டுகளை வாங்கிப் பதிவு செய்வோம். மூலத்தையும் ஒரு தட்டையும் வீட்டாரிடமே கொடுப்போம். அவர்கள் விரும்பினால் மற்றொரு பிரதியை மலைக்குக் கீழே போடியிலோ தேனியிலோ உள்ள அவர்கள் உறவினர் வீட்டில் சேர்ப்போம். படிப்பு நமக்குத் தந்த அறிவை, நம்மைப் படிக்க வைத்தவர்களின் முகத்தைக் காப்பதற்குப் பயன்படுத்தாமல் வேறு எதற்குப் பயன்படுத்தப் போகிறோம்? இன்னொரு மழைக்காலம் வருமுன் தொடங்குவோம்.