முற்றத்துச் சிமெண்டும் உளூத் தண்ணீரும்

ஒருவர் நட்ட மரத்தின் கனியைப் பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்னும் நபிமொழியை நம் மக்தப் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஒப்பிக்கும் இடமோ சிமெண்ட் பூசிய முற்றம். மண் இருந்தால் பாய் அழுக்காகுமாம்!

"ஓதத்தானே அனுப்புகிறோம், மண்வெட்டி பிடிக்கவா?" எனக் கேட்கும் பெற்றோரே, அல்ஹம்துலில்லாஹ் நாவோடு நின்றுவிடும் சொல் அன்று. ஒன்றரை மாதம் நீரூற்றித் தானே பறித்த வெண்டைக்காயைத் தட்டில் ஒதுக்கிவைக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. உளூச் செய்த நீரில் சோப்பு இல்லை. அது சாக்கடைக்குப் போவானேன்? குழாயைத் திருப்பிவிட்டால் ஒரு முருங்கைக்கும் நாலு வாழைக்கும் போதும்.

மணலிப் புகை நடுவே மாத்தூரில் தோட்டமா என்று சிரிப்போரும் உளர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்து மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்ததை நாம் மறக்கவில்லை. மனிதனைப் பூமியின் கலீஃபா என்கிறது குர்ஆன் (2:30). அப்படியாயின், இந்த மண்ணைக் கெடுத்தது யார் என்று கேட்பதும் அமானிதத்தைப் பேணுவதே. ஷுக்ர் என்றால் வாய்மூடி இருத்தல் என்று பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். செடி வளர்த்த பிள்ளை கேட்கத்தான் செய்யும்.

ஷவ்வாலில் மதரஸா திறக்கும்போது முற்றத்தில் நாலு முழம் சிமெண்டைப் பெயர்த்து, நல்ல மண் கொண்டுவந்து நிரப்புவோம். நிர்வாகிகள் செலவுக்குக் காரணம் கேட்டால், பிள்ளைகளை விட்டே அந்த நபிமொழியை ஓதச் சொல்லலாம்.