கத்தியின் மேல் போட்ட பழி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் ஓயாத தெருக்கள் உண்டு. அங்கே ஓடுவது பேண்டேஜ் துணித் தறி. அறுவைச் சிகிச்சையில் ரத்தம் ஒற்றும் காஸ் துணியும், காயத்தைச் சுற்றும் கட்டுத் துணியும் அங்கிருந்து கப்பல் ஏறிப் போகின்றன. அந்தத் தெரு ஒன்றில் வளர்ந்தவன் நான். “கத்தி பட்டா பரவிரும்” என்று புற்றுநோயைப் பற்றிய பேச்சை முதன்முதலில் கேட்டதும் அங்கேதான்.

என் பெரியம்மா தறிக்குத் தார் சுற்றுவார். வெற்றிலையோடு போயிலையை இடது கடைவாயில் அடக்கிக்கொண்டால்தான் அவருக்குக் கை ஓடும். கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. பிறகு அதன் நடுவே ஒரு புண். ஆறவில்லை. பல் டாக்டர் பார்த்த அன்றே சொல்லிவிட்டார், கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று. வீட்டில் கூடிப் பேசினார்கள். “வேண்டாம் மதினி. எங்க சின்ன மாமனாருக்கும் இப்படித்தான் சதைய எடுத்துப் பாத்தாங்க. மூணே மாசத்துல முடிஞ்சிருச்சு” என்றார் அத்தை. பேச்சு அத்தோடு முடிந்தது.

பச்சிலை அரைத்துப் பூசினார்கள். களிம்பு தடவினார்கள். ஏழு மாதம் போயிற்று. கழுத்தில் நெறி கட்டி, சோற்றுக் கவளம் நுழைய வாய் திறக்காமல் போன பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போனோம். அங்கே சதை எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். நான்கு மாதத்தில் பெரியம்மா போய்விட்டார். துட்டி கேட்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது: “மதுரையில கத்தி வச்சாங்கல்ல, அதான் பரவிருச்சு.”

ஏழு மாதத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு நாள் பட்ட கத்திதான் நினைவில் நின்றது. இந்த நம்பிக்கை உயிரோடு இருப்பதே இப்படித்தான். கத்திக்குப் பயந்து நாள் கடத்துகிறோம். கடைசியில் வேறு வழியில்லாமல் போகும்போது நோய் முற்றியிருக்கிறது. சாவு வருகிறது. பழி கத்தி மேல் விழுகிறது. அந்தப் பழியைக் கேட்டவர் தன் வாயில் புண் வரும்போது இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆரம்பத்திலேயே சதை எடுத்துப் பார்த்து, அறுவை செய்து, பிழைத்து நடமாடுகிறவர்கள் நம் ஊரில் வாய் திறப்பதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் இந்த நோயின் பெயர் வெளியே தெரியக் கூடாது. “பல்லில் ஏதோ ஆபரேஷன்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பிழைத்தவர் மறைகிறார், செத்தவர் மட்டும் சாட்சியாகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலும் டீக்கடைப் பெஞ்சில் இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதப்படுவது இந்த ஒருதலைச் சாட்சியத்தை வைத்துத்தான். நோயின் பெயரிலும் ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். புற்று என்றதும் நமக்குக் கறையான் புற்றும் அதற்குள் இருக்கும் பாம்பும்தான் மனதில் வரும். கிளறினால் சீறும் என்று தோன்றிவிடுகிறது.

அந்தக் கத்தி செய்கிற வேலை என்ன? மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து உளுந்தம்பருப்பு அளவுக்குச் சதை எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல். காஸ் துணியைச் சிறிது நேரம் கடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் நின்றுவிடும். அந்தத் துண்டு ஃபார்மலின் பாட்டிலில் ஆய்வகத்துக்குப் போகும். நுண்ணோக்கியில் பார்த்து, இது புற்றா இல்லையா, புற்றென்றால் எந்த வகை என்று எழுதித் தருவார்கள். அந்தத் தாள் இல்லாமல் பொறுப்புள்ள எந்த மருத்துவரும் தாடையில் கை வைக்க மாட்டார், கரண்ட் வைக்கவும் மாட்டார்.

புற்று பரவுவதற்குக் கத்தி தேவையில்லை. அந்தச் செல்கள் தாமே சுற்றியுள்ள சதையைத் துளைத்துக்கொண்டு இறங்கி, நிணநீர் நாளங்களுக்குள் புகுந்து கழுத்து நெறிகளுக்குப் போகின்றன. எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே இப்போது உலகம் முழுதும் வாய்ப்புற்றின் நிலையைக் கணிக்கிறார்கள். 2 சென்டிமீட்டர் அகலத்துக்குள், 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் முதல் நிலை. நாம் பச்சிலை பூசிக்கொண்டிருக்கும் மாதங்களில் அது கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

கத்தி பரப்பும் என்பது உண்மையானால், அதிகம் கத்தி பட்டவர்கள் அதிகம் சாக வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டி’க்ரூஸ் தலைமையில் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையையே உடைத்துப் போடுகிறது. ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் நெறி எதுவும் தட்டுப்படாதவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வாயில் கட்டியை அகற்றும்போதே கழுத்தையும் திறந்து நெறிகளை எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வாயில் மட்டும் அறுவை, நெறி கட்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். 500 பேரின் முடிவு 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. கழுத்திலும் கத்தி பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். இது நம் நாட்டு நோயாளிகள் மீது, நம் நாட்டு மருத்துவர்கள் செய்த ஆய்வு. உலகின் பல நாடுகளில் இன்று வாய்ப்புற்று அறுவை இந்த முடிவைப் பார்த்துத்தான் நடக்கிறது.

மேற்கு மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு சான்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்து, ஏழில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிப் போய் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள், தேவையானவர்களுக்குச் சதைப் பரிசோதனை நடந்தது. 2005-ல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. தேடிப் பார்த்த பகுதிகளில்தான் சாவு குறைந்தது.

மருத்துவர்களே கத்தி வைக்கத் தயங்கும் கட்டிகளும் உண்டு. காதுக்குக் கீழே வரும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியைத் திறந்து துண்டு எடுப்பதில்லை, மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்கள் எவை என்பது முகத்தாடை அறுவை மருத்துவர்களுக்குப் பாடப் புத்தகத்திலேயே சொல்லித் தரப்படுகிறது. கன்னத்திலும் நாக்கிலும் ஈறிலும் வரும் புண் அந்தக் கணக்கில் சேராது.

மருத்துவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் “சதை எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க” என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எதற்காக எடுக்கிறோம், அடுத்து என்ன நடக்கும் என்று வந்தவரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் சொன்னால் பாதிப் பேர் பயம் தெளிவார்கள். சதை எடுத்த பிறகும் ரிப்போர்ட்டுக்கும் அறுவைக்கும் வாரக்கணக்கில் அலைய விட்டால், அந்த நாட்களில் கட்டி வளரும், வளர்ந்ததைப் பார்த்து ஊர் மறுபடியும் கத்தியைத்தான் திட்டும்.

சிகிச்சை இன்று பெரியம்மா காலத்தில் இருந்த இடத்தில் இல்லை. தாடை எலும்பை வெட்டி எடுத்தாலும், முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் மெலிந்ததை ரத்தக் குழாயோடு எடுத்து, தாடையாக வளைத்துப் பொருத்துகிறார்கள். நோய் மிகவும் முற்றியவர்களுக்காக டாடா மருத்துவமனை செய்த இன்னொரு ஆய்வில், நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது. நம் கைக்கு எட்டும் செலவில் இதைச் செய்ய முடியும் என்று காட்டிய ஆய்வு அது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியிருக்கிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது அந்தச் சதைப் பரிசோதனைத் தாளைத்தான்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 1 லட்சத்து 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக வாய்ப்புற்று வருகிறது. புகையிலை, பாக்கு, குட்கா எல்லாம் நம் தெருக்கடையில் என்ன பாடுபடுத்துகின்றன என்பது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே நான் கேட்பது ஒன்றுதான். இன்று இரவு உங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர், போயிலை அடக்குகிறவர், பீடி குடிக்கிறவர் யாராக இருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, ஈறு. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், இதில் ஒன்று இருந்தாலும் நாளைக் காலையில் அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சதை எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.