நாற்கரத்தின் பரப்பும் வீட்டுக் கணக்கும்

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர்ச் சாலையில் உள்ள ஹெப்பகோடி, ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. பொம்மசந்திரத் தொழிற்பேட்டை அருகே அமைந்த பின்னர், அப்பகுதியில் கேழ்வரகு விளைந்த புன்செய் நிலங்கள் பல வீட்டு மனைகளாயின. 1,089 சதுர அடி கொண்ட குண்டையில் நிலத்தைக் கணக்கிட்ட இடத்தில், ‘முப்பதுக்கு நாற்பது’ என்னும் சொல்லே இன்று பெருவழக்காயிற்று. அங்குள்ள பள்ளிச் சிறுவரை வினவினால், அத்தகைய மனையின் பரப்பு 1,200 சதுர அடி என்று தயக்கமின்றிக் கூறுவர். மூலைகள் நான்கும் செங்கோணங்களா என்று அவர்கள் கேட்பதில்லை. வீட்டுக் கணக்கும் கேட்கத் தூண்டுவதில்லை.

எதிர்ப் பக்கங்கள் 40 அடியும் 30 அடியுமாக உள்ள மனையொன்று சற்றுச் சாய்ந்து, 40 அடிப் பக்கங்களுக்கு இடைப்பட்ட செங்குத்துத் தூரம் 28 அடியானால், பரப்பு 1,120 சதுர அடியே. அத்தூரம் 24 அடியாயின் 960 சதுர அடி. ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது. பக்க அளவுகளோ மாறவில்லை. மூலைவிட்டத்தை அளந்தால் குறை உடனே வெளிப்படும். செவ்வகத்தில் அது 50 அடி. 960 சதுர அடி மனையில் ஒரு மூலைவிட்டம் ஏறத்தாழ 62¾ அடி, மற்றையது 32½ அடி. சேமிப்பனைத்தையும் ஈந்து மனை வாங்கும் குடும்பத்திற்கு இது வெறும் பாடநூற் கணக்கன்று.

எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் வழக்கம் மிகப் பழையது. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் அதனைத் துல்லியமற்ற, பருமட்டான பரப்பு என்றே வகைப்படுத்தினார். 1150-இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர் இன்னும் கடுமையானவர். மூலைவிட்டமோ செங்குத்தோ தராமல் நாற்கரத்தின் பரப்பை வினவுவோரையும், அதற்கு விடை கூற முற்படுவோரையும் அவர் ஒருங்கே கண்டிக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கண்டனத்திற்குத் தேவை ஒழிந்தபாடில்லை.

முக்கோணமோ இவ்வாறு ஏமாற்றாது. மூன்று பக்கங்களும் தெரிந்தால் அதன் வடிவம் உறுதியாகிவிடும். ஹீரோன் சூத்திரத்தால் பரப்பும் கிடைக்கும். நில அளவையாளர் முக்கோணத்தை நாடியதன் காரணம் அதன் இவ்வுறுதியே. 1800-இல் லாம்டன் பெங்களூருக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அடிக்கோட்டை அளந்தபின் கோணங்களை அளந்தே முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அளவையை விரித்துச் செல்வது அவரது முறை. 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய பேரளவையும் அம்முறையில் நடந்ததே.

ஆதலின் ஆசிரியர்கள் வீட்டுக் கணக்கின் போக்கைச் சிறிது மாற்றுதல் வேண்டும். பத்துச் செவ்வகங்களுக்குப் பதிலாக, பள்ளி முற்றத்தையோ வீட்டுத் திண்ணையையோ ஒழுங்கற்ற காலி மனையையோ ஒன்று கொடுத்தால் போதும். நான்கு பக்கங்களையும் ஒரு மூலைவிட்டத்தையும் மாணாக்கர் தாமே அளந்து, இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்பைக் காணட்டும். அச்சிட்ட கணக்கைக் கைப்பேசியில் படமெடுத்தால் விடை வந்துவிடும் இந்நாளில், அளக்கப்படாத முற்றத்திற்கு எந்த உரைநூலிலும் விடை இராது. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்னும் முறையீடு நியாயமானதே. எனினும் இதற்கு வேண்டியது ஒரு மாலைப்பொழுது மட்டுமே. கொத்தனார் 3, 4, 5 என்று அளந்து மூலைமட்டம் பார்ப்பதைக் காணும் சிறுவனுக்குப் பிதாகரஸ் தேற்றம் அயலாகத் தோன்றாது.

கள அலுவலர்க்கும் இதில் பங்குண்டு. சாய்ந்த வயலைச் செவ்வகமாகக் கொண்டு விதையையும் உரத்தையும் பரிந்துரைத்தால் செலவு மிகுவது உழவனுக்கே. பள்ளிக்கு அண்மையில் பணியாற்றுவோர் தம் அளவுநாடாவை ஒருநாள் மாணாக்கரிடம் கொடுக்கலாம். நாடா கிட்டாவிடின் கயிறும் பயன்படும். ஆனால் நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும் இயல்புடையதாகையால், மழை நாட்களில் அதனை நம்புதல் தகாது.