வேப்பங்குச்சியும் யூஸ் போத்தலும்

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். பக்கத்தில இருந்த தங்கச்சி ஒருத்தி பெருமையாச் சொன்னா: "அண்ணை, நாங்கள் பிள்ளைக்குப் புளோரைட் இல்லாத மூலிகைப் பற்பசைதான். மற்றதெல்லாம் நஞ்சு. எங்கட அம்மம்மா வேப்பங்குச்சியால தீட்டித்தானே எண்பது வயசிலயும் முறுக்குக் கடிச்சவ!" அவவின்ர நாலு வயசு மகன் அந்த நேரம் மூண்டாவது யூஸ் பெட்டியை உறிஞ்சிக்கொண்டு நிண்டான்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை. ஒரு காலத்தில அதே கதையை நானும் கதைச்சனான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞானம் படிச்சு, 2006இல ஏ9 பாதை பூட்டினதோட பாதியில விட்டவன் நான். இப்ப கல்கரியில ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில வேலை. அரைகுறைப் படிப்பு பொல்லாதது, எல்லாம் தெரியும் எண்ட நினைப்பைத் தரும். 2011இல எங்கட மாநகரசபை குடிதண்ணிக்குப் புளோரைட் சேர்க்கிறதை நிப்பாட்டினபோது சந்தோசப்பட்டனான். மகளுக்கு மூலிகைப் பற்பசை, நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு. இரவில அழுதால் யூஸ் ஊத்தின போத்தல். 2015இல, அஞ்சு வயசில, மயக்கமருந்து குடுத்து ஆறு பல்லுப் பிடுங்கினவை. அந்த வருசப் பள்ளிக்கூடப் படத்தில வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிக்கிறாள்.

அம்மம்மாவின்ர பல்லைக் காப்பாத்தினது வேப்பங்குச்சி மட்டுமோ? அவ சின்னனில இனிப்புக் கண்டது வருசப்பிறப்புக்கும் தீபாவளிக்கும்தான். நாங்கள் குச்சியை மட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறம். ஊரில கன்னம் வீங்கி, கராம்பைக் கடிச்சுக்கொண்டு படுத்த சனத்தை மறந்திட்டம். கராம்பு நோவை விறைக்கப் பண்ணும், ஓட்டையை அடைக்காது.

வாயில இருக்கிற கிருமி சீனியைத் திண்டு அமிலத்தை விடும். அது பல்லின்ர மேல்படையைக் கரைக்கும். கரைஞ்ச கனிமத்தைத் திருப்பிப் படிய வைக்கப் புளோரைட் உதவும். நல்லெண்ணெய்க்கு அந்த வேலை தெரியாது.

புளோரைட்டும் இயற்கைதான். அனுராதபுரப் பக்கக் கிணத்துத் தண்ணியில அது கூடி, சனத்தின்ர பல்லில பழுப்புக் கறை விழுந்திருக்கு. அதால பயத்தில நியாயமே இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனால் இது அளவுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கனடாவில தண்ணிக்குச் சிபாரிசு 0.7. பற்பசையெண்டால் மூண்டு வயசுக்குக் கீழ ஒரு அரிசிமணி அளவு, பிறகு பட்டாணிக்கடலை அளவு, துப்பவும் பழக்கவேணும். உப்புக் கூடினால் கறியைக் கொட்டுவம். அதுக்காக உப்பில்லாமலே சமைக்கிறமோ?

பக்கத்து எட்மன்டனில புளோரைட்டை நிப்பாட்டேல்லை. பிறகு ரண்டு நகரத்திலயும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையளை ஒப்பிட்டுப் பார்த்தால், சூத்தைப்பல் கூட இருந்தது கல்கரியிலதான். 2021இல வாக்கெடுப்பு வைச்சபோது "ஆம்" எண்டதுக்குப் புள்ளடி போட்டன். 2025 ஜூனில திரும்பவும் சேர்க்கத் தொடங்கினவை. பல்லுக் காப்புறுதி இல்லாத என்னைப் போல குசினிக்காரரின்ர பிள்ளையளுக்கும், காசு கேளாமல் குழாயால வாற காவல் அது.

தங்கச்சி, வேப்பங்குச்சியை எறியச் சொல்லேல்லை. யூஸ் பெட்டியை எறியும். புளோரைட் உள்ள பற்பசை ஒண்டை வாங்கி, இரவு படுக்க முதல் நீரே தீட்டிவிடும். ஏசவேணுமெண்டால் என்னை ஏசும், பரவாயில்லை. நான் அந்த ஆஸ்பத்திரிக் கதிரையில இருந்து எழும்பி வந்தவன்.