வாகனக் கடை விற்பது வாகனத்தை மட்டும் இல்லை



நீளமான பதிவுதான். லீசிங்கில் வண்டி எடுக்க இருப்பவர்களும், அதற்குப் பிணைக் கையெழுத்து வைக்க இருப்பவர்களும் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறக்கப்பட்டது. ஐந்து வருட ஆசை ஒரேயடியாக வெளியே வந்திருக்கிறது. வாழைக்குலை விற்ற காசை முற்பணமாகக் கட்டி லாண்ட் மாஸ்டர், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், கார் என்று எடுக்கிறோம். சந்தோசம். ஆனால் அந்தக் கடை எதில் உழைக்கிறது என்று நாங்கள் ஒருபோதும் கேட்பதில்லை.

விலையில் ஐயாயிரம் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறோம். கடைக்காரரும் முகம் சுளித்து ஒருமாதிரி விட்டுத்தருவார். அவருக்கு அதில் பெரிய நட்டமில்லை. எங்களை லீசிங் கம்பனிக்கு அனுப்பினால் கமிஷன். காப்புறுதி எடுத்துத் தந்தால் கமிஷன். பழைய வண்டியை மாற்றினால், குறைத்து எடுத்துக் கூட்டி விற்கும் இலாபம். பிறகு வருடக்கணக்கில் சேர்விஸ், ஸ்பெயார் பார்ட்ஸ். ஐயாயிரத்தை நாங்கள் வென்றுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

“12 வீத வட்டிதான்” என்பார்கள். கணக்குப் பார்ப்போம். பத்து இலட்சம் கடன், நான்கு வருடம், 12 வீதம் நிலையான வட்டி. மொத்த வட்டி 4,80,000. மாதத் தவணை ஏறக்குறைய 30,830 ரூபா. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு போகிறது. வட்டியோ கடைசி மாதம்வரை முழுப் பத்து இலட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் முதலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 21 வீதம். எங்கள் ஓ.எல். பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குப் படிப்பிக்கிறோம். தகப்பன்மாருக்கு இதை யார் படிப்பிப்பது?

இங்கே மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தங்களைக் கேட்டுப் பாருங்கள். வட்டியைக் கூட்டினால் கமிஷனும் கூடும் என்ற முறையில் அங்கே கார் கடைகள் உழைத்தன. 2021 ஜனவரியில் அந்த முறை தடைசெய்யப்பட்டது. 2025 ஓகஸ்ட் 1 இல் பிரித்தானிய உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், ஒருவர் கட்டவேண்டிய மொத்தக் கடன் செலவின் 55 வீதத்துக்குச் சமமான தொகை கடைக்குக் கமிஷனாகப் போயிருந்தது. அது நியாயமற்றது என்று சொல்லி, அந்தக் காசை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வைத்தது நீதிமன்றம். அங்கே கேட்டார்கள், கிடைத்தது. இங்கே நாங்கள் கேட்பதேயில்லை.

இன்னொன்று. தவணை முடியும்வரை வண்டி எங்களுடையது இல்லை. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்: முழு உரிமையாளர் லீசிங் கம்பனி, நாங்கள் பதிவு உரிமையாளர் மட்டும். மழை வெள்ளத்தில் வெங்காயம் அழுகினாலும், காற்றில் வாழை முறிந்தாலும் தவணைத் திகதி தள்ளிப்போகாது.

அரச ஊழியர் என்பதால் ஆசிரியர்கள் எங்களிடம்தான் பிணைக்கு வருவார்கள். “சேர், ஒரு கையெழுத்துத்தானே” என்பார்கள். அது வெறும் சாட்சிக் கையெழுத்து இல்லை. எடுத்தவர் கட்டாவிட்டால் கடன் பிணை நின்றவர் தலையில். எத்தனை நட்பும் உறவும் இதனால் முறிந்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

எங்கள் முஸ்லிம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். வட்டி ஹராம் என்று தெரிந்து, இஜாரா, முராபஹா என்று பெயர் போட்ட திட்டத்துக்குப் போகிறோம். நல்லது. அங்கேயும் மொத்தத் தொகையையும் கமிஷனையும் கேளுங்கள். பெயர் ஹலாலாக இருந்தால் மட்டும் கொடுக்கல் வாங்கல் நீதியாகிவிடாது.

“லீசிங் இல்லாவிட்டால் ஏழை எப்படி ஓட்டோ எடுப்பான்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தொழிலுக்குக் கடன் வேறு, பக்கத்து வீட்டுக்குக் காட்டுவதற்குக் கடன் வேறு. தொழிலுக்கு என்றாலும் வங்கியிலும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். கைக்காசுக்கு என்ன விலை? எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவோம்? குறையும் முதலுக்கு வட்டி எத்தனை வீதம்? உங்களுக்கு எவ்வளவு கமிஷன்? பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டோம் என்றால் எழும்பி வாருங்கள். முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

வியாபாரம் பாவமில்லை, இலாபமும் பாவமில்லை. மறைத்து எடுப்பதைத்தான் கேட்கிறோம். இந்தக் கிழமை வண்டி எடுக்கப் போகிற ஒருவருக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.